உங்களுக்குத் தெரியுமா? புதுக் கார் சர்வீஸ்: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கடன் போட்டு முதல் கார் வாங்குகிறவர்கள் நாலு ஷோரூம் ஏறி இறங்கி விலை பேசுவார்கள். அதே காரை சர்வீஸுக்கு விட்டால், நீட்டிய பில்லில் இருக்கும் தொகையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். வாங்கி மூன்று ஆண்டுகூட ஆகாத காருக்குச் செய்யவேண்டிய வேலை உண்மையில் கொஞ்சம்தான். எந்த வேலை, எப்போது என்று காரோடு வந்த புத்தகத்திலேயே அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதை டாஷ்போர்டு பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இங்கே சொல்லும் விலைகள் சிறிய பெட்ரோல் காருக்கான தோராயக் கணக்கு. ஊரைப் பொறுத்தும் மாடலைப் பொறுத்தும் கூடும், குறையும்.

★ ‘ஃப்ரீ சர்வீஸ்’ என்றால் கூலி மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டர், வாஷர் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கவேண்டும். இது தெரியாமல் போய், கவுன்டரில் பில்லைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

★ அந்தக் கூலியை டீலர் தன் கையிலிருந்து போடுவதில்லை. ஒவ்வொரு ஃப்ரீ சர்வீஸுக்கும் கார் கம்பெனி டீலருக்குப் பணம் கொடுக்கிறது. நீங்கள் கார் வாங்கியபோது கொடுத்த விலைக்குள் அதுவும் அடக்கம். ஆகவே இலவசமாகச் செய்து தருகிறார்களே என்று கூச்சப்பட்டு, அவர்கள் சொல்லும் கூடுதல் வேலைகளுக்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை.

★ மாருதி கார்களுக்கு மூன்று ஃப்ரீ சர்வீஸ்: 1,000 கி.மீ. அல்லது 1 மாதம், 5,000 கி.மீ. அல்லது 6 மாதம், 10,000 கி.மீ. அல்லது 1 ஆண்டு. அதன்பிறகு 20,000 கி.மீ. அல்லது 2 ஆண்டில் வருவதுதான் கூலி கொடுத்துச் செய்யும் முதல் சர்வீஸ். மற்ற கம்பெனிகளின் கணக்கு வேறு. உங்கள் புத்தகத்தில் இருப்பதே உங்களுக்கு விதி.

★ கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கிற கார் ஆண்டுக்கு 3,000 கி.மீ.தான் ஓடியிருக்கும். அதற்கும் 12 மாதத்தில் ஆயில் மாற்றியாக வேண்டும். சின்னச் சின்ன ஓட்டங்களில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. அதனால் உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலில் கலந்துவிடும். குறைவாக ஓடிய காருக்கு ஆயில் கெடாது என்பது தவறான நம்பிக்கை. வாரண்டிக்கும் தேதி முக்கியம். சர்வீஸ் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தால், பின்னால் எஞ்சினில் கோளாறு வரும்போது முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் இருக்கும்.

★ 1,000 கி.மீ. சர்வீஸில் பல கம்பெனிகள் ஆயில் மாற்றுவதே இல்லை. போல்ட் நட்டுகளைச் சோதித்து, திரவ அளவுகளைப் பார்த்து, தண்ணீர் அடித்துத் தருவார்கள். பில் பூஜ்யத்தில் நிற்கவேண்டும், மிஞ்சினால் கண்ணாடி கழுவும் திரவத்துக்குச் சில்லறைத் தொகை. அந்த முதல் சர்வீஸில் 1,500, 2,000 என்று பில் வந்தால், எந்த வரி அதை அந்த அளவுக்கு ஏற்றியது என்று விரல் வைத்துக் கேளுங்கள்.

★ ஓராண்டு அல்லது 10,000 கி.மீ. சர்வீஸின் பில் எப்படி இருக்கவேண்டும்? 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 3 முதல் 4 லிட்டர் ஆயில் பிடிக்கும். லிட்டர் 500 முதல் 800 ரூபாய் என்றால் ஆயிலுக்கே 2,000 ரூபாயை ஒட்டி வந்துவிடும். ஆயில் ஃபில்டர் பெரும்பாலும் 100 முதல் 300 ரூபாய்க்குள். ஆயிலை வடிக்கும் போல்ட்டின் அடியில் இருக்கும் வாஷர் சில்லறைக் காசு. கூலி கிடையாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி ஊதித் திரும்பப் போடுவார்கள், அதுவும் இலவசக் கூலிக்குள் அடங்கும். ஆக 2,000 முதல் 3,000 ரூபாய் நியாயம். வீல் அலைன்மென்ட், பேலன்சிங் சேர்த்தால் 3,500 அல்லது 4,000. ஓராண்டு காருக்கு 7,000, 8,000 என்று பில் வந்தால், மிச்சம் எல்லாம் அட்டவணைக்கு வெளியிலிருந்து வந்த வேலை.

★ ஆயில் பெரும்பாலும் டப்பாவில் வராது, பீப்பாயிலிருந்து ஊற்றுவார்கள். உங்கள் எஞ்சினுக்கு எத்தனை லிட்டர் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். புத்தகத்தில் 3.1 லிட்டர், பில்லில் 4 லிட்டர் என்றால் அந்த வித்தியாசத்தைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

★ புதிய பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 போன்ற மிக மெல்லிய ஆயில்தான் சொல்லியிருக்கிறார்கள். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும், பின்னால் வருவது எஞ்சின் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை. ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில் போடுங்க சார், எஞ்சின் நல்லா இருக்கும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எஞ்சின் உள்ளிடைவெளிகளும் ஆயில் பம்பும் அந்த மெல்லிய ஆயிலுக்காகவே அமைக்கப்பட்டவை. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் வேறு ஆயில் பெட்ரோல் செலவையும் ஏற்றும், வாரண்டிக்கும் சிக்கல்.

★ டப்பாவில், பெட்டியில் வரும் உதிரிபாகத்தின் எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த விலை. பில்லில் அடிப்படை விலை, ஜி.எஸ்.டி. என்று பிரித்துக் காட்டினாலும் இரண்டையும் கூட்டினால் எம்.ஆர்.பி.யைத் தாண்டக் கூடாது. எம்.ஆர்.பி.யின் மேல் தனியாக வரி போடுவது சட்டப்படி தவறு. கூலி அப்படியல்ல. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனியாகச் சேரும். ஆகவே கூலி எவ்வளவு என்று கேட்கும்போதே ‘வரியோடா, வரி இல்லாமலா?’ என்றும் கேட்டுவிடுங்கள்.

★ 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் ஒரே வரி, 18 சதவீதம். அதற்கு முன் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 28. பழைய விலை அச்சிட்ட பெட்டியிலிருந்து பாகம் எடுத்துப் போட்டால், புதிய விலைப்பட்டியல்படி பில் போட்டார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

★ தெருமுனை மெக்கானிக் ஷெட்டில் ஜி.எஸ்.டி. போடாமல் பில் கொடுத்தால் அது ஏமாற்று வேலை என்று நினைக்கவேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. பதிவு எண்ணே இல்லாமல் வரி வசூலிப்பதுதான் குற்றம்.

★ இனி, பில் வீங்கும் இடத்துக்கு வருவோம். காரை விட்டவுடன் சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டு போடுவார். மரியாதையாகப் பேசுவார், தண்ணீர் கொடுப்பார், ‘சார், இது வேல்யூ ஆட் பண்ணிடலாம்’ என்று ஒரு பட்டியலைக் காட்டுவார். எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் பாடி க்ளீனிங், டீகார்பனைசிங், எஞ்சின் டிரெஸ்ஸிங், ஏ.சி. கிருமிநாசினி, இன்டீரியர் ட்ரீட்மென்ட், டெஃப்லான் கோட்டிங், சைலன்சர் கோட்டிங், எலி விரட்டி ஸ்பிரே. ஒவ்வொன்றும் 500 முதல் பல ஆயிரம் வரை. அட்வைசரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. பல இடங்களில் இத்தனை கோட்டிங் விற்கவேண்டும் என்று அவர் தலையில் மாத இலக்கு சுமத்தப்பட்டிருக்கிறது. அவரும் குடும்பம் நடத்துகிறவர்.

ஒரே ஒரு கேள்வி போதும்: ‘தம்பி, இது இந்த சர்வீஸ் அட்டவணையில் எந்த இடத்தில் இருக்கு?’ புத்தகத்தைத் திறந்து காட்டிக் கேளுங்கள். மேலே சொன்ன பட்டியலில் ஒன்றுகூடப் பெரும்பாலான கார்களின் 10,000 கி.மீ. அட்டவணையில் இருக்காது.

காரணத்தையும் பார்ப்போம். சரியான ஆயிலை நேரத்துக்கு மாற்றிவரும் எஞ்சினில் கழுவி எடுக்கும் அளவுக்குக் கசடு சேர்வதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்பனையாவது பி.எஸ்.6 எரிபொருள். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான், முந்தைய பி.எஸ்.4-இல் 50 வரை இருந்தது. நல்ல பங்கில் எரிபொருள் நிரப்பும் ஓராண்டுக் காருக்கு இன்ஜெக்டர் அடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உண்மையிலேயே அடைத்திருந்தால் கார் திணறும், மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது அது சர்வீஸ் வேலையல்ல, வாரண்டி வேலை. அட்வைசரிடம் அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்காதீர்கள்.

★ அண்டர்பாடி கோட்டிங் மட்டும் கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயம். இன்றைய காரின் உடல் தொழிற்சாலையிலேயே மின்முறையில் துருத்தடுப்புப் பூச்சுத் தொட்டிக்குள் முழுதாக முக்கி எடுக்கப்படுகிறது. அடிப்பகுதியின் இணைப்புகளில் பூச்சும் போட்டுத்தான் வருகிறது. மதுரையிலோ சேலத்திலோ ஓடும் காருக்கு இன்னொரு பூச்சுக்கு 3,000, 4,000 கொடுக்கத் தேவையில்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை கடற்கரைச் சாலை ஓரம் என்று உப்புக் காற்றிலேயே நிற்கும் காருக்குச் செய்வதில் நியாயம் உண்டு. அப்போதும் வடிகால் துளைகளை அடைத்துவிடாமல் அடிக்கச் சொல்லுங்கள். அடைத்தால் உள்ளே தேங்கும் தண்ணீரே துருவுக்கு வழி செய்யும்.

★ புதுக் காரில் ‘ஏ.சி. கேஸ் குறைஞ்சிருக்கு, டாப்-அப் பண்ணிடலாம்’ என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஏ.சி. அமைப்பு மூடிய சுற்று. இரண்டு ஆண்டுக் காரில் குளிர் குறையும் அளவுக்கு கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது வாரண்டியில் வரவேண்டியது. கேஸுக்குக் காசு கொடுத்து டாப்-அப் செய்தால் கோளாறு அப்படியே இருக்கும், அடுத்த கோடையில் மறுபடியும் போய் நிற்பீர்கள்.

★ வீல் அலைன்மென்ட் செய்தால் கணினி அச்சுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். சரிசெய்வதற்கு முன், பின் என்று இரண்டு கணக்கும் அதில் இருக்கும். முன்னால் பார்த்தபோதே எல்லாம் சரியாக இருந்திருந்தால் அந்தக் கட்டணம் ஏன் என்று கேட்கலாம்.

★ டயரில் நைட்ரஜன் அடிக்கலாமா? நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துத் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்ப்பதுதான் டயரைக் காக்கும்.

★ பிரேக் ஆயிலை மட்டும் இழுத்தடிக்காதீர்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலைப்பாதைகளில் இறங்கும்போது பிரேக் சூடேறி, திரவம் கொதித்து, மிதி அப்படியே அமுங்கிப் போகும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் அட்டவணைகள் பல. சில நூறு ரூபாய்தான் ஆகும். வேண்டாத கோட்டிங்குக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு இதை மறந்துபோகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

★ ‘பிரேக் பேட் போயிடுச்சு’ என்றால், எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். புதிய பேடில் 10 மி.மீ. அளவுக்குத் தேயும் பொருள் இருக்கும். 2, 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றவேண்டியதுதான். 15,000 கி.மீ.யில் அந்த நிலை வருவது அபூர்வம். மாற்றினால் கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். காசு கொடுத்தவர் நீங்கள், பழைய பாகமும் உங்களுடையது. இதை ஜாப் கார்டில் முதலிலேயே எழுதச் சொல்லிவிட்டால் பின்னால் பேச்சு வராது.

★ ஏ.சி. காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் பல கார்களில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமலே கழற்றி மாட்டலாம். பாகம் 300 முதல் 800 ரூபாய்.

★ அட்வைசர் சொல்வது எல்லாமே விற்பனைப் பேச்சு என்று எண்ணிவிடவும் கூடாது. புத்தகத்தில் சாதாரண அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில் ‘கடினப் பயன்பாடு’ என்று இன்னொரு அட்டவணை இருக்கும். தூசி நிறைந்த சாலை, எப்போதும் குறுகிய தூர ஓட்டம், விட்டு விட்டு நகரும் நெரிசல் எல்லாம் அதில் அடங்கும். காலையும் மாலையும் பழைய மகாபலிபுரம் சாலையில் நகர்ந்து நகர்ந்து வேலைக்குப் போகிறவரின் கார் அந்தக் கணக்கில்தான் வரும். குவாரி லாரிகள் ஓடும் சாலையில் குடியிருந்தால் ஏர் ஃபில்டர் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அடைபடும். அவர்களுக்கு ஆயிலையோ ஃபில்டரையோ சீக்கிரம் மாற்றச் சொன்னால் அது நேர்மையான யோசனை.

★ இரண்டாம் ஆண்டு அல்லது 20,000 கி.மீ. சர்வீஸ்: கூலி 1,500 முதல் 2,500, அதன்மேல் 18 சதவீத வரி. ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஆயில், கேபின் ஃபில்டர், அலைன்மென்ட். மொத்தம் 5,000 முதல் 7,500 ரூபாய். டீசல் எஸ்.யூ.வி. என்றால் ஆயிலே 5, 6 லிட்டர் பிடிக்கும், டீசல் ஃபில்டரும் சேர்ந்தால் 8,000 முதல் 12,000 வரை போகலாம். ரேடியேட்டர் கூலன்டை இப்போதே மாற்றச் சொன்னால் மட்டும் புத்தகத்தைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். இன்றைய கார்கள் பலவற்றில் முதல் மாற்றம் 1 லட்சம் கி.மீ.க்குப் பிறகுதான்.

★ மாருதி, ஹூண்டாய் போன்ற கம்பெனிகளின் இணையதளத்திலேயே சர்வீஸ் செலவுக் கணிப்பான் இருக்கிறது. மாடல், ஊர், கிலோமீட்டர் கொடுத்தால் பாகம், கூலி இரண்டையும் தனித்தனியே காட்டும். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் அதைப் பார்த்து, படம் பிடித்து, கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் குரலை உயர்த்தவே தேவையிருக்காது.

★ ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுமுன் எஸ்டிமேட் தொகையைப் பாருங்கள். காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள். ‘இதற்கு மேல் எது செய்தாலும் முதலில் போன் செய்து கேட்கவும்’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

★ வெளியே ஷெட்டில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடுமா? இதற்குப் பின்னால் பெரிய வழக்கே இருக்கிறது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் கார் கம்பெனிகள் தடுக்கின்றன என்று 2011-இல் ஒரு நுகர்வோர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். மூன்று கம்பெனிகள்மீது தொடங்கிய விசாரணை விரிந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் தனி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கச் செய்யவேண்டும், வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்பது ஆணையத்தின் உத்தரவு.

கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வாரண்டி புத்தகங்களில் ‘அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டும்’ என்ற வரி இன்றும் இருக்கிறது. நியாயம் ஒருபக்கம் இருந்தாலும், எஞ்சின் கோளாறுக்காக ஒரு குடும்பம் தனியாக நின்று வழக்காடுவது எளிதல்ல. ஆகவே வாரண்டி முடியும்வரை அட்டவணை வேலைகளை அங்கீகரித்த மையத்திலேயே செய்யுங்கள். டயர், அலைன்மென்ட், வாட்டர் வாஷ், வைப்பர் பிளேடு போன்றவற்றுக்கு எங்கு வேண்டுமானாலும் போகலாம். வாரண்டி முடிந்தபின், கைராசியான மெக்கானிக் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் கூலியில் நல்ல மிச்சம்.

★ காரின் பெயர்ப்பலகையில் எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் பாகங்களில் பெரும்பகுதியைச் செய்வது வேறு தொழிற்சாலைகள். சென்னை பாடியில் மட்டும் பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியா, ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ்., சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா மூன்றும் இருக்கின்றன. இப்படிப் பாகம் செய்யும் நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே பெட்டியில் போட்டு விற்கும் பாகம், கார் கம்பெனிப் பெட்டியில் வருவதைவிட மலிவாகக் கிடைப்பதுண்டு. வாரண்டி முடிந்த காருக்குச் சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரித்துப் பார்க்கலாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள். போலிப் பெட்டிகளும் அதே சந்தையில் உலவுகின்றன.

★ மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியது. பண்ணைக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகளின் சர்வீஸ், வாரண்டி, பாக விலைத் தகவல்களை ஒரே இடத்தில் தருவது அதன் நோக்கம்.

★ ‘பம்பரில் கீறல் இருக்கு, இன்ஷூரன்ஸ்ல போட்டுடலாம், உங்களுக்குச் செலவே இல்லை’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாகத்துக்கு பெயின்ட் 3,500 ரூபாய். சிறிய காருக்குக் கட்டாயமாக நீங்கள் கொடுக்கவேண்டிய 1,000 ரூபாய் போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தருவது 2,500. கிளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். முதல் ஆண்டே கிளெய்ம் போட்டால் அந்த ஏணியில் ஒரு படி கீழே தொடங்குவீர்கள். உங்கள் காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய், அது மாறாது என்று வைத்தால், அடுத்த ஐந்து புதுப்பித்தல்களில் இழப்பது 1,600 + 400 + 800 + 800 + 400, மொத்தம் 4,000 ரூபாய். 2,500-ஐ வாங்க 4,000-ஐ விடுகிறோம். சின்னக் கீறலைக் கையிலிருந்து கொடுத்துச் சரிசெய்வதே லாபம்.

★ உற்பத்திக் குறைக்காகக் கம்பெனி திரும்ப அழைக்கும் ‘ரீகால்’ வேலைக்குப் பாகமும் கூலியும் இலவசம். 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களை ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதிக்க அழைத்தது. கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டால் உங்கள் கார் பட்டியலில் உண்டா என்று தெரியும். ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் பாருங்கள்.

★ மாருதி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 2 ஆண்டு, 40,000 கி.மீ.யிலிருந்து 3 ஆண்டு, 1 லட்சம் கி.மீ.யாக உயர்த்தியது. கூடுதல் வாரண்டி வாங்குவதானால் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் வாங்கவேண்டும். கார் வாங்கிய அன்று அவசரப்பட்டு எடுக்கவேண்டும் என்பதில்லை, ஆனால் தள்ளிப்போடப் போடக் கட்டணம் கூடும். டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனிகளின் தனி வாரண்டி. எலி கடித்த வயருக்கு எந்த வாரண்டியும் கிடையாது.

★ சர்வீஸ் பேக்கேஜை முன்கூட்டியே பணம் கட்டி வாங்கச் சொன்னால் மூன்று கேள்விகள். வேறு ஊர் மையத்தில் செல்லுமா? காரை விற்றால் வாங்குபவருக்கு மாறுமா? கூலி மட்டுமா, ஆயிலும் சேர்த்தா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

★ மின்சாரக் காருக்கு எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லை. பிரேக் ஆயில், கேபின் ஃபில்டர், டயர், கூலன்ட் அளவு, இவ்வளவுதான் பார்க்கவேண்டியது. பெட்ரோல் காருக்கு நிகரான பில் வந்தால் வரிவரியாகக் கேளுங்கள். சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் அழுத்தச் சோதனை செய்யவேண்டும். இது சட்டக் கட்டாயம்.

★ ஓரிரு ஆண்டே ஓடிய காரை இன்னொருவரிடமிருந்து வாங்கினால், மிச்சமிருக்கும் ஃப்ரீ சர்வீஸும் வாரண்டியும் பொதுவாகக் காரோடு வரும். அங்கீகரித்த எந்த மையத்திலும் காரின் முழு சர்வீஸ் வரலாற்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பதிவான கிலோமீட்டர் அதில் இருக்கும். 2024-இல் 31,000 என்று பதிவான கார் இன்று மீட்டரில் 24,000 காட்டினால் அந்தக் காரைத் தொடாதீர்கள்.

★ பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. செய்யாத வேலைக்குப் பில், கேட்காமல் செய்த வேலைக்குப் பில் என்றால் முதலில் மையத்தின் மேலாளருக்கும் கார் கம்பெனிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவேண்டிய கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். எஸ்டிமேட், ஜாப் கார்டு, பில், பணம் கட்டிய சான்று நான்கையும் பத்திரமாக வைத்திருங்கள்.